அந்த இரண்டு வரிகள்

அன்று காலை, பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு கதிரேசன் சமையலறைக்கு வந்தார். "கம்ப்யூட்டர்ல பழுதுன்னு மணி அடிச்சா, அணைச்சு வெச்ச ப்ராசஸருக்கும் கேக்கும், தெரியுமா? அது பதில் சொல்லாம திரும்பிடணும். சொன்னா மொத்த மெஷினும் நின்னுடும். அதுக்கு ரெண்டு வரி சேர்த்துட்டேன்."

"முதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்றேன். மதியம் சாலை விபத்தில் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய அலுவலக நண்பர் ரமணன் வந்தார். இடையில் அலுவலகத்தில் சர்வர்கள் நின்றுபோனதற்கு இவருடைய நிரல்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

"ரெண்டு வரி சேர்த்தேன்னு சொன்னாரே?"

"சொல்லியிருப்பார் அண்ணி. ஆனா எழுதலை. நீங்களே பாருங்க."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எனக்கு நிரல் புரியாது. மேலே இருந்த தேதியைப் படித்தேன்.

"இது என்ன தேதி?"

"கடைசியா திருத்தினது. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா அண்ணி?"

அது என் கணவரைத் தகனம் செய்த மறுநாள், அவருக்குப் பால் தெளித்த நாள். அன்று வேலை இருக்கிறதென்று ரமணன் மட்டும் வரவில்லை.

தேதிக்குப் பக்கத்தில், திருத்தியவர் என்ற இடத்தில், இன்றும் கதிரேசன் என்றே இருக்கிறது.