மாற்றல் உத்தரவு

“அடேயப்பா! இந்த மாதிரி இடத்தை நான் வெளிநாட்டுப் படத்துலதான்க்கா பாத்திருக்கேன்!”

கூட வந்த இளைஞன் சைக்கிளை நிறுத்திவிட்டு மறுபடியும் கேமராவை எடுத்துவிட்டான். தபால்காரம்மாவுக்கு அலுத்துப்போயிற்று. மூன்று நாளாக இதே கூத்து.

“என்ன பெரிய அழகு? பஞ்சர் ஆகாம வீடு போய்ச் சேந்தா அதுதான் தம்பி அழகு” என்றாள்.

“சுற்றுலா ஆபீஸ் ஆளு போலிருக்கு. வீடெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி, கூட்டிட்டுப் போ” என்று போஸ்ட்மாஸ்டர் அவனை இவள் தலையில் கட்டியிருந்தார்.

பதினெட்டு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் மிதிக்கிறாள். புருஷன் போன பிறகு எதுவும் உறைப்பதில்லை. கால் தன் பாட்டுக்கு மிதிக்கும், கை தன் பாட்டுக்குக் கடிதத்தை நீட்டும்.

டவுனில் இருக்கும் மகள் நச்சரித்ததால் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டாள். உத்தரவும் வந்துவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போனால் என்ன, இருந்தால் என்ன என்றுதான் இருந்தாள்.

அவனோ ஒரு வீடு விடாமல் இறங்கினான். சுவரை அளந்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான். கொல்லையில் நின்ற மரங்களைக்கூட எண்ணிக் குறித்துக்கொண்டான்.

“மரத்தை எண்ணி என்ன தம்பி பண்ணப் போறே?”

“எல்லாத்தையும் எழுதணும்க்கா. அதை விடுங்க, அங்க பாருங்க, ஆத்து மேல வெயில் விழறதை!”

வேண்டாவெறுப்பாகத் திரும்பினாள். ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. அதற்கு மேலே சரிவு முழுக்க மஞ்சள் பூ. தினமும் இதன் ஓரமாகத்தானே போனோம், கண்ணை எங்கே வைத்திருந்தோம் என்று இருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் அப்படியே நின்றாள்.

“தம்பி, எனக்கு டிரான்ஸ்பரே வேணாம்னு எழுதிக் குடுத்துடப் போறேன். இதை விட்டுட்டு டவுன்ல போய் என்னத்தைப் பாக்கப் போறேன், சொல்லு?”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

அவன் கேமராவை இறக்கினான். முகம் செத்துவிட்டது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆர்டர்க்கா” என்று முணுமுணுத்தான்.

“என்னத்தை?”

“கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பிடுங்க. இது பூரா அணைத் தண்ணிக்குள்ள போகப் போவுது.”