சுத்தமான மரம்

"மங்கை, குளக்கரை அரசமரத்தைப் போய்ப் பாரு. பளிச்சுனு இருக்குது!"

விடிந்ததும் வாலிபர் சங்கத்தாரோடு குளக்கரையைத் துப்புரவு செய்யப் போன குமாரவேல், மேலெல்லாம் சாம்பலோடு வீடு திரும்பினான். செம்பில் தண்ணீர் நீட்டிய மங்கையர்க்கரசி கேட்டாள்.

"மரத்துலயா? மரத்துல என்னங்க குப்பை?"

"கிளைக்குக் கிளை கந்தைத்துணியும் மரத்தொட்டிலும் கட்டி வெச்சிருக்காளுங்க. புள்ளை வேணும்னா டாக்டரைப் பாக்கணும், மரத்தையா பாக்கறது? அவுத்துக் கொளுத்திட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடலை. எவளோ ஒருத்தி அரக்குப் பட்டுத்துணியைக் கிழிச்சுத் தொட்டில் கட்டியிருந்தா. மழையில சாயம் வெளுத்து, சரிகை கறுத்துக் கெடந்துது. நெய்யறவன் வயிறு எரியுமா, எரியாதா? அதை நானே புடுங்கி நெருப்புல போட்டேன்."

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தன் கூறைப்புடவையைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரித்தாள். கல்யாணத்துக்கென்று அவனே தறியில் உட்கார்ந்து நெய்த அரக்குப் புடவை. முந்தானை ஓரத்தில் ஒரு சாண் துண்டைக் காணோம்.

கையில் ஒட்டியிருந்த கருகிய பட்டின் வாடை அப்போதுதான் குமாரவேலின் மூக்கில் ஏறியது.

"பலிச்சா, புள்ளையைத் தூக்கினு போய் நானே அவுக்கறேன்னு வேண்டிக்கினேன்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்." அவள் கை அடிவயிற்றில் இருந்தது. "பலிச்சிருக்குதுங்க."