கழுதை ஏத்தம்

"பிரேக்குல இருந்து காலை எடுத்துராதீக தம்பி, எடுத்தா நேரா தேவாரம் பஸ் ஸ்டாண்டுலதான் போய் நிப்போம்!" பிச்சையம்மாள் முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

செல்லப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப், கழுதை ஏத்தத்தில் கால்வாசி ஏறி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. ஏத்தத்தின் உச்சியில், தோட்டத்து வாசலில், மாயக்காள் தாவணி பறக்க நின்றிருந்தாள். அங்கிருந்து அவள் கையாட்டியதற்கு, இங்கே இவன் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தான்.

"பயப்படாதீக அத்தை. இப்பப் பாருங்க."

"அத்தையா? அதுக்கு இன்னும் முக்கால் ஏத்தம் பாக்கி இருக்கு!"

உண்மைதான். மாயக்காளின் அப்பா சுருளிவேல், பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினார். "சொத்து பத்து எனக்கு வேணாம். மழையில டிரைவரு வராத அன்னைக்கு எம்மகளை இந்த மலைக்கு யாரு ஏத்தி இறக்குறது? லோ கியர் போட்டுக் கழுதை ஏத்தத்துல ஜீப்பை ஏத்துறவனுக்குத்தான் பொண்ணு." போதாக்குறைக்கு ஏலக்காய் பறிக்கும் ஆட்கள் முன்னால் வேலப்பர் மேல் சத்தியமும் பண்ணிவிட்டார். இதுவரை இரண்டு பேர் வந்து, பாதியில் இறங்கி, பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

செல்லப்பாண்டிக்குத் தேனியில் ஜவுளிக்கடை. போன தீபாவளிக்கு மாயக்காள் வந்து அறுபத்து நாலு சேலையை விரிக்கச் சொல்லி, கடைசியில் ஒரே ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கே அவன் விழுந்துவிட்டான். அவளுக்காக, டிரைவர் ஒச்சாண்டியிடம் சமதரையில் நாலு நாள் பாடம் கேட்டான்.

"வண்டியை நிறுத்திட்டுத்தான் லோ போடணும்" என்றிருந்தான் ஒச்சாண்டி. "முதல்ல முன்வீல் கம்பி, அப்புறம் லோ கம்பி. முழுசா விழணும், பாதியில நின்னா நியூட்ரல்தான். விழுந்துச்சுன்னா சத்தம் ஊரைத் தூக்கும், வேகம் நடைக்குத்தான் இருக்கும். ஆனா நிக்காம ஏறும்."

இன்றைக்கு ஒச்சாண்டி வண்டியில் ஏறக்கூடாது என்பது சுருளிவேலின் உத்தரவு. சாட்சிக்கு மனைவி பிச்சையம்மாளை முன்சீட்டில் ஏற்றிவிட்டு, "நான் கீழ நின்னே பாத்துக்கிறேன்" என்று அவர் ஏலக்காய் பறிக்கும் ஆட்களோடு அடிவாரத்தில் நின்றுகொண்டார். வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே செல்லப்பாண்டிக்குப் பெரிய நிம்மதி.

கிளட்சை மிதித்து முன்வீல் கம்பியைப் போட்டான். விழுந்தது. லோ கம்பியைப் பிடித்து இழுத்தான். கரகரவென்று பல்லைக் கடித்ததே தவிர மசியவில்லை. இன்னொரு தடவையும் அதே கதைதான். வேர்வை கண்ணில் இறங்கியது. பஸ் ஏறிப்போன இரண்டு பேருக்குப் பக்கத்தில் மூன்றாவது சீட்டில் தான் உட்கார்ந்திருப்பது அவனுக்கே தெரிந்தது.

"தம்பி, கண்ணை மூடி வேலப்பரைக் கும்பிடுங்க. நான் சொல்ற வரைக்கும் தெறக்கக் கூடாது."

மூடினான். பிச்சையம்மாளின் வளையல் குலுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேலப்பரிடம் மொட்டை, பொங்கல், கடையில் வருகிற முதல் பட்டு என்று எல்லாவற்றையும் நேர்ந்துகொண்டான்.

"இப்பப் போடுங்க!"

கம்பி டக்கென்று விழுந்தது. கிளட்சை விட்டு, பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தான். இஞ்சின் மலையே அதிரக் கத்தியது. ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது!

"அத்தை! ஏறுது அத்தை!"

"ஏறுதுல்ல! முன்னால பாருங்க, திரும்பாதீக, திரும்புனா தலை சுத்தும்!"

"இன்னும் மிதிக்கவா?"

"நல்லா மிதிங்க, சத்தம் பத்தல!"

மிதித்தான். ஒச்சாண்டி சொன்னது சொன்னபடி நடந்தது. சத்தம் ஊரைத் தூக்கியது, வேகம் நடைதான். ஒரு வளைவில் வண்டி கொஞ்சம் தயங்கியது. அடுத்த நிமிஷம் அதுவும் சரியாகி, முன்னைவிட ஜோராகப் போனது. சந்தோஷத்தில் செல்லப்பாண்டி ஹாரனை அடித்தான். பிச்சையம்மாளும் கையை நீட்டி ஹாரனை அடித்தார். இரண்டு பேரும் மாறி மாறி அடித்துக்கொண்டு, புளியமரத்தில் இருந்த குரங்குகளையெல்லாம் விரட்டிவிட்டார்கள்.

"லோன்னா லோதான் அத்தை! என்னா இழுவை, பாத்தீகளா?"

"பாத்தேன், பாத்தேன்!" பிச்சையம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வாசலில் ஜீப் நின்றது. செல்லப்பாண்டி இஞ்சினை அணைத்துவிட்டு ஒரே குதியில் இறங்கினான். மாயக்காள் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தாள்.

"எப்படி ஏத்துனேன் பாத்தியா? உங்கப்பா பாத்தாகளா? எங்கன நிக்காக?"

சிரிப்புக்கு நடுவே அவள் ஜீப்பின் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

எட்டிப் பார்த்தான். ஏலக்காய் பறிக்கும் ஆட்கள் பதினாறு பேர் மூச்சிரைக்க வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில், வேட்டியை மடித்துக் கட்டி, தோளை ஜீப்புக்கு முட்டுக்கொடுத்தபடி சுருளிவேல்.

"சத்தியத்தைப் பண்ணித் தொலைச்சுட்டேன் மாப்ளே, வண்டி நியூட்ரல்ல கிடக்கு" என்றார் அவர் மூச்சு வாங்க. "லோ போடக் கல்யாணத்துக்கு அப்புறம் கத்துக்கிடலாம். முதல்ல கைபிரேக்கைப் போடுங்க, நான் தோளை எடுக்கணும்!"