திருநீற்றுச் சாட்சி

"சுருட்டுக் குடிச்சு நெஞ்சைக் கெடுத்துப்போட்டு, இப்ப றெயில்வேயிட்டை நட்டஈடு கேட்டு வந்து நிக்கிறார்," என்றார் மற்றப் பக்கத்து லோயர்.

இரத்தினம்மாவுக்குக் கொதி ஏறியது. விசாரணை நடத்திய ஐயா இருக்கச் சொன்னதையும் கேட்காமல் எழும்பினாள்.

"ஐயா, இவர் வெத்திலைகூடப் போடாத மனுசன்!"

அவள் புருசன் கனகரத்தினம் றெயில்வேப் பட்டறையில் எஞ்சின் குழாய்களில் சுற்றியிருந்த அஸ்பெஸ்டசை உரித்தவர். வெள்ளைத் தூசியோடுதான் வீட்டுக்கு வருவார். இப்போது நுரையீரலில் புற்றுநோய். தூசியின் வேலைதான் என்று டொக்டரே சொல்லிவிட்டார்.

"அப்ப பட்டறையிலை இவரின்ரை அலுமாரிக்குள்ளை பிடிபட்ட சுருட்டுக் கட்டு ஆரின்ரை?" என்றார் லோயர்.

கனகரத்தினம் நிலத்தைப் பார்த்தார். இருமினார்.

"சொல்லுங்கோவன்!" என்று முழங்கையால் இடித்தாள். மனுசன் அதற்கும் இருமினார்.

போகட்டும், சாட்சி இருக்கிறதே! அதே பட்டறையில் கூட வேலை செய்த பஞ்சலிங்கம், இன்று கோயில் சபைத் தலைவர். சிகரெட் மணக்கும் பெடியளைத் தேர் வடம் தொட விடமாட்டார். அவரைக் கூட்டிவர இரத்தினம்மா கார் பிடித்து அனுப்பியிருந்தாள். தானும் நோயாளியும் பஸ்ஸில். அவரோ, சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழம் வாங்கவென்று தன் மனுசியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அந்தச் சுருட்டைப் பற்றித் தெரியுமோ?" என்று ஐயா கேட்டார்.

பஞ்சலிங்கம் கண்ணை மூடினார். நெற்றி நிறையத் திருநீறு.

"சிவசிவா! அந்த மணமே எனக்கு ஒத்துவராது ஐயா. அலுமாரி கனகுவின்ரை. பொய் சொல்லக்கூடாது, பாருங்கோ."

"சாப்பிட்டிட்டு வந்து முடிவு சொல்லுறன்," என்று ஐயா உள் அறைக்குப் போனார்.

முற்றத்தில் இரத்தினம்மா புருசனைப் பிடித்துக்கொண்டாள்.

"சேட்டிலை என்ன மணம் எண்டு கேக்கிற நேரமெல்லாம் எஞ்சின் புகை எண்டியளே! எஞ்சினும் சுருட்டுக் குடிச்சதோ?"

"விடப்பா."

"என்னத்தை விடுறது? பஞ்சலிங்கமண்ணையைப் பாருங்கோ. கடவுளுக்குப் பயந்து உள்ளதைச் சொல்லுது. அதெல்லோ மனுசன்!"

அவருக்கு இருமல் விடவில்லை. திட்டிக்கொண்டே போத்தலை எடுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பைப்படிக்குப் போனாள்.

தண்ணீரோடு திரும்பியபோது பஞ்சலிங்கம் கட்டடத்தின் பின்பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவர் அவளைக் கவனிக்கவில்லை. நேரே கனகரத்தினத்திடம் போய், மடியிலிருந்து ஒரு சுருட்டுக் கட்டை உருவி நீட்டினார்.

"கனகு, மனுசி காராலை இறங்கி வாறா. கெதியா இதை உன்ரை பைக்குள்ளை வை. முந்தி வைச்சனியெல்லே, அது மாதிரி!"

கனகரத்தினத்தின் கை, பழகின கை, தானாக நீண்டது.

அதற்கு முன் இரத்தினம்மாவின் கை நீண்டது.

"என்னட்டைத் தாங்கோ, அண்ணை. ஐயா இன்னும் உள்ளைதான் சாப்பிடுறார்."