பட்டாம்பூச்சிக்குப் பன்னிரண்டு நிமிடம்

கொதிக்கிற தண்ணீரில் பட்டாம்பூச்சிகளை இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள் சமீரா. போட்ட கையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பதற வேண்டாம், மாவில் செய்த பட்டாம்பூச்சிதான். துபாயில் இத்தாலி ஓட்டலில் சமையல்காரனாக இருக்கும் அவள் கணவன் அன்சார் அனுப்பியது. லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டு சென்ட்டும் சோப்பும் இல்லாத வீடு கிடையாது. பாஸ்தா இருக்கிற வீடு இது ஒன்றுதான்.

ஊருக்கு வருகிற ஆள் யார் கிடைத்தாலும் ஒரு பாக்கெட் கொடுத்துவிடுவான். சங்கு, சக்கரம், தோட்டுத் திருகாணி, முனை சீவிய குழாய் என்று வந்ததையெல்லாம் கண்ணாடி பாட்டில்களில் போட்டு ஷோகேஸில் அடுக்கியிருந்தாள். போன லீவில், "இத ஆக்கித் தரவா மச்சான்?" என்று ஆசையாகக் கேட்டதற்கு, "அங்க தின்னு தின்னு சலிச்சுப் போச்சு, வுடு" என்று சொல்லிவிட்டான்.

கல்யாணமாகி எட்டு வருஷம். அவன் வந்தது இதோடு மூன்று தடவை. மற்ற நாளெல்லாம் அந்த பாட்டில்களைத் துடைத்துத் துடைத்து வைப்பதுதான் அவளுக்குக் குடும்பம் நடத்துவது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் வரும். "இப்ப திருகாணி பாட்டில் கையில இருக்கு" என்பாள். "அதுக்குப் பேரு ஃபுசில்லி. பெட்டிக்கு இருபத்தி நாலு பாக்கெட்டு" என்று கடகடவென ஒப்பிப்பான். அவளுக்குப் பெருமை தாங்காது.

ஒரு தடவை, "எத்தன நிமிசம் வேவ வைக்கணும்?" என்று கேட்டாள்.

"அட்டையிலேயே போட்டிருக்கும் பாரு. கார்டு தீரப் போவுது, வச்சிரட்டா?"

அட்டையில் இருந்ததோ முழுக்க அரபி. அரபியை எழுத்துக் கூட்டி ஓதிவிடுவாள், அர்த்தம் தெரியாது. ஆனால் குர்ஆனில் வசனத்துக்கு வசனம் போட்டிருக்கும் ஆயத்து எண்களைப் பார்த்துப் பழகிய கண் அது. அடுப்புப் படத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இந்த முறை வந்ததிலிருந்து அன்சார் ஆளே சரியில்லை. தட்டில் வைத்ததைப் பேசாமல் தின்றுவிட்டுக் கை கழுவினான். "நல்லாருக்கா?" என்றால், "ம்" என்பான். பெரிய ஓட்டல் நாக்குக்கு நம் ரசமும் புளியாணமும் எங்கே ஏறும் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஃபர்ஹாவை அவள் புருஷன் ஷார்ஜாவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பேச்சை எடுத்தாலே அன்சார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறான். அவ்வளவு பெரிய இடத்தில் தன்னைப் பெண்டாட்டி என்று காட்ட வெட்கப்படுகிறான், வேறென்ன? எட்டு வருஷம் தனியாகக் கிடந்ததைவிட இந்த நினைப்புதான் அவளை அதிகம் அழவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் திரும்பிப் போகிற பிளைட். இன்றைக்கு மாமியார் பாத்திமா பீவி வி.களத்தூரில் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். இதை விட்டால் வேறு நாள் இல்லை.

சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் வடித்தாள். தக்காளியும் பூண்டும் வதக்கி, கொத்துக்கறியைப் போட்டுப் பிரட்டி, மேலே ஊற்றினாள். பீங்கான் தட்டில் வைத்துக் கரண்டியும் முள்கரண்டியும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே பக்கம் வைத்தாள்.

அன்சார் வந்து உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான்.

"அட்டையப் பாத்துத்தான் ஆக்குனேன் மச்சான். சாப்புடுங்க" என்றாள்.

அவன் முள்கரண்டியைத் தொடவில்லை. ஒரே ஒரு பட்டாம்பூச்சியை விரலால் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினான். அமுக்கிப் பார்த்தான். வாயில் போட்டு மெல்ல மென்றான். கண் கலங்கியிருந்தது.

போயிற்று, காரம் கூடிவிட்டது என்று நினைத்தாள் சமீரா. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"உங்க ஓட்டல்ல ஆக்குற மாரி வரலன்னு எனக்கே தெரியும். போவப் போவ கத்துக்கிறேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க மச்சான். அங்க வந்து உங்க மானத்த வாங்கிற மாட்டேன். இங்க பாட்டிலப் பாத்துக்கிட்டு இனிமே என்னால இருக்க முடியாது."

அன்சார் தலை நிமிரவில்லை. தட்டில் இருந்த இன்னொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"எட்டு வருசமா குடோன்ல பெட்டி பெட்டியா இதத் தூக்கியிருக்கேன் சமீரா... வெந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்."