சேவல்கொண்டை மலை தெரிந்த காலை

மேகம் விலகியதும் மலை தெரிந்தது.

துடுப்பு கையிலிருந்து நழுவிப் படகுக்குள் விழுந்தது. மண்டியிட்டுப் பார்த்தான்.

“என் மாதாவே!”

பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். கடலுக்குள்ளிருந்து பார்த்தால் ஐந்து முனை, சேவலின் கொண்டை மாதிரி. அதனால் சேவல்கொண்டை. வலை போடவும் வீடு திரும்பவும் ஊருக்கே அதுதான் அடையாளம்; நடுமுனைக்கு நேராக வந்தால் ஊர். ஆனால் இப்படி, தண்ணீரிலிருந்து நேராக எழும்பி, விடியலில் செக்கச்செவேலென்று, அம்மாடி, ஒருநாளும் பார்த்ததில்லை.

அழுதான். அழக் கண்ணீர் வரவில்லை.

புயலில் எஞ்சின் நின்றதிலிருந்து படகு காற்று இழுத்த பக்கமெல்லாம் போயிருந்தது. குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது.

முனைகளை எண்ணினான்.

நான்கு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினான். நான்குதான். நடுமுனை இருக்கவேண்டிய இடத்தில் வானம் இருந்தது.

அப்படியானால் இது வேறு மலை. காற்று மேற்கே எங்கோ தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஊர் வலது கைப் பக்கம்.

இரண்டு வருடம் பஹ்ரைனில் மீன் பிடித்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தான். வந்தபின் ஊர்க்கடலில் இறங்கியது இதுதான் முதல் தடவை. புறப்பட்டது இருட்டில். கரையில் தென்னை மறைக்கும்; கடலிலிருந்து மலையைப் பார்க்கவே இல்லை.

கையில் மிச்சமிருந்த பலம் ஏதாவது ஒரு பக்கம் போக மட்டும்தான் போதும். திசை தவறினால் குமரிமுனை நீரோட்டம் நடுக்கடலுக்கு இழுத்துவிடும். பிறகு அவ்வளவுதான்.

படகை வலப்பக்கம் திருப்பினான்.

சுருண்டு கிடந்த தொபியாஸ், அவன் மனைவியின் தம்பி, தலையைத் தூக்கினான்.

“மச்சான், திருப்பாதீங்க. அது நம்ம மலைதான்.”

“லேய், நடுமுனை எங்க?”

தொபியாஸ் படகின் அடியைப் பார்த்தான்.

“ஒடச்சாச்சு. குவாரியில. நான்தான் வெடி வச்சேன்.”

மீன் கிடைக்காத நாட்களில் தொபியாஸ் கொத்தனார் வேலைக்குப் போகிறான் என்றுதான் வீட்டில் பேச்சு.

மலையையா? மனுசனால் ஆகிற காரியமா அது? அப்பனும் பாட்டனும் அவர்களுக்கு முந்தியவர்களும் நம்பி வீடு வந்த முனை. இந்த ஒல்லிப்பயலா? இந்தக் கையாலா?

அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்திருந்தது.

துடுப்பை ஓங்கினான்.

தொபியாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

துடுப்பு தண்ணீரில் விழுந்தது. படகு மலைப்பக்கம் திரும்பியது.

“அக்காட்ட சொல்லிராதீங்க மச்சான்.”

“மொதல்ல அவள கண்ணால பாப்போம். நீயும் ஒரு துடுப்ப எடுல.”

வெயில் ஏற ஏற நான்கு முனைகளும் பொன்னாக மின்னின. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. நடுவிலிருந்த வெறும் வானத்துக்கு நேராகத் துடுப்புப் போட்டான்.