தகட்டில் ஒரு கோடு

பகல் வெளிச்சம் புகாதபடி திரை இழுத்த அறையில், அடியிலிருந்து விளக்கெரியும் மேசைமேல் அந்தக் கண்ணாடித் தகடு கிடக்கிறது. போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்துபோன இரவில் அவள் கணவன் தொலைநோக்கியில் எடுத்துக்கொண்டிருந்த படம். வானம் நகரும் வேகத்துக்கே கை விடாமல் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் நட்சத்திரம் புள்ளியாக விழும். இதில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மயிரிழைபோல ஒரு கோடு ஓடுகிறது. அவன் கை விட்ட கணம் முதல் யாரோ வந்து தொலைநோக்கியின் மூடியைச் சாத்தும்வரை ஓடிய கோடு. நீளத்தை அளந்தால் நேரம் தெரியும். நட்சத்திரங்களை அளப்பதுதான் இருபது வருடமாக அவள் வேலை. உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்துத் திருகைத் திருப்புகிறாள். அது மெல்லக் கிறீச்சிடுகிறது. இரண்டாம் முறையும் அதே எண்தான் வருகிறது. கதவருகே தலைமை அதிகாரி செருமுகிறார்.

“அதைத் தூக்கிப் போட்டுடும்மா. அளக்கத் தேறாது.”

“சத்தம் கேட்டதுமே ஓடி வந்தோம்னு சொன்னீங்களே சார்.”

“ஆமாம்மா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.”

அவள் நிமிரவில்லை. “நாப்பது நிமிஷம் சார்,” என்கிறாள்.

ஏற்கெனவே மூடியிருக்கும் திரையை அவர் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறார். எது நாற்பது நிமிடம் என்று கேட்கவில்லை.